சொல்லை நிறுக்கும் தொழில்



இலக்கிய மன்றம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் குற்றவியல் வழக்கறிஞரைப் பற்றிய பொழிவு எதற்கு எனச் சிலருக்குத் தோன்றலாம். கவிஞன் சொல்லைக் கொண்டு வாழ்பவன்; வழக்கறிஞனும் அவ்வாறே. எனினும் இருவர் கையிலும் சொல் ஒரே வேலையைச் செய்வதில்லை. கவிஞன் சொல்லை ஏற்றுகிறான். அதற்கு இயல்பாக உள்ள எடையினும் மிகுதியான எடையைத் தருகிறான். குற்றவியல் வழக்கறிஞனோ பிறர் சொல்லை எடுத்துத் தராசில் வைக்கிறான். அதன்மேல் ஏற்றப்பட்ட பொய் எடையை ஒவ்வொன்றாக இறக்குகிறான். ஓர் உயிர் அத்தராசில் தொங்கும்போது இந்த இறக்கும் வேலைக்கு உள்ள மதிப்பைத் தமிழ் இலக்கியம் நன்கு அறியும்.

சிலப்பதிகாரத்தில் நிகழ்வது என்ன? பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பிப் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். அச்சொல்லை யாரும் வினவவில்லை. சொன்னவனே களவாடியவன் என்பதை அறிய அங்கே ஒருவருமில்லை. கொலை முடிந்த பின்னரே கண்ணகி அவைக்கு வருகிறாள். அவள் கண்ணீரைவிட அவள் கேட்ட ஒரு கேள்வியே வழக்கைத் தீர்க்கிறது. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் யாது என்பதே அக்கேள்வி. முத்து என்கிறான் அரசன். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. சான்றுப் பொருளை முன்வைத்துச் சொல்லைப் பொய்யாக்கிய அந்தக் கேள்வி, இன்றைய நீதிமன்ற வழக்கில் குறுக்கு விசாரணை எனப்படும். அது ஒரு நாள் முன்னதாகக் கேட்கப்பட்டிருப்பின் மதுரை எரிந்திராது. அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்பதற்கென்றே ஒருவரை நிறுத்துவதுதான் குற்றவியல் வழக்கறிஞர் தொழிலின் முழுப்பொருள்.

இதனை இவ்வட்டாரத்தில் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் சென்று சேரும் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவ உலகம் போற்றும் ஊர். அதே ஊரில்தான் இந்தியாவின் மிகப் பெரிய கொலை வழக்குகளுள் ஒன்று நடந்தது. அதற்கு வருமுன், சென்னை வழக்குமன்றத்தின் இரு பெரும் பாரிஸ்டர்களைக் கண்டு வருதல் வேண்டும்.

பாரிஸ்டர் என்னும் பெயர்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தோன்றியது. இன்று சிவந்த கோபுரங்களோடு காட்சி தரும் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அந்நாளில் சென்னை நகருக்குள் நடக்கும் கொலை வழக்குகள் உயர் நீதிமன்றத்திலேயே ஜூரிகள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டன. இலண்டனிலோ டப்ளினிலோ பயின்று வந்த பாரிஸ்டர்கள் அம்மன்றத்தின் முன்வரிசையில் வீற்றிருந்தனர். இந்நாட்டிலேயே சட்டம் பயின்ற வக்கீல்கள் அவ்வரிசையை எட்டப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் இவ்வேறுபாடுகளை நீக்கி எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. மூத்த வழக்கறிஞர் என்னும் சிறப்பு மட்டும் நின்றது. ஆயினும் ‘பாரிஸ்டர்’ என்னும் சொல் தமிழ் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. கொலை வழக்கிலிருந்து ஆளை மீட்கும் வல்லமை என்று அதற்குப் பொருள் கொண்டனர்.

அவ்வல்லமை நாநலத்தால் வருவது என்று எண்ணுவோர் பலர். திரைப்படங்கள் அவ்வெண்ணத்தை வளர்த்தன. உண்மை வேறு. முதல் தகவல் அறிக்கை எந்த மணிக்கு எழுதப்பட்டது, எந்த மணிக்கு நீதித்துறை நடுவர் கைக்குச் சேர்ந்தது. பிணக்கூறு ஆய்வு அறிக்கையில் கண்ட காயமும் சாட்சி கூறும் ஆயுதமும் பொருந்துகின்றனவா. பொருள் கைப்பற்றியதாக எழுதிய மகஜரில் கையெழுத்திட்டவர் அங்கே இருந்தாரா. காவலரிடம் முதலில் சொன்னதற்கும் கூண்டில் ஏறிச் சொல்வதற்கும் இடையே எங்கே வேறுபாடு. முன்பு சொல்லாமல் விட்டு இப்போது புதிதாகச் சேர்த்தது எது. இவற்றை இரவெல்லாம் படித்து ஒப்பு நோக்குவதே குற்றவியல் வழக்கறிஞரின் உழைப்பு. ஏட்டுச்சுவடி பலவற்றை விரித்து வைத்துப் பாடவேறுபாடு கண்டு மூலபாடத்தைத் தேடிய உ. வே. சாமிநாதையரின் உழைப்போடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும். அங்கே இடைச்செருகலைக் களைந்தால் ஒரு பாட்டு மீளும். இங்கே களைந்தால் ஓர் ஆள் மீள்வான்.

நார்ட்டன்: நாவன்மை தோற்ற இடம்

எர்ட்லி நார்ட்டன் 1852இல் பிறந்தவர். அவர் தந்தை ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக விளங்கியவர். மகன் 1876இல் பாரிஸ்டராகிச் சென்னை வழக்குமன்றத்தில் பெரும்புகழ் ஈட்டினார். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். 1890இல் இந்தியர்க்கு அரசியல் உரிமை கேட்டு இலண்டன் சென்ற குழுவில் சுரேந்திரநாத் பானர்ஜியோடும் ஹியூமோடும் உடனிருந்தார். ஆங்கிலேயராயினும் இந்தியர் பக்கம் நின்றவர் என்று அந்நாளில் பேரெடுத்தவர் அவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தார். 1908இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு வந்தபோது அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக நின்றவர் அவரே. குற்றக்கூண்டில் அரவிந்தரும் அவர் தம்பி பாரீந்திரரும் இன்னும் பல இளைஞரும் நின்றனர். நீதிபதி இருக்கையில் பீச்கிராப்ட், அரவிந்தரோடு ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர். எதிர்த்தரப்பில் சித்தரஞ்சன் தாஸ். இருநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஆயிரக்கணக்கான ஆவணங்கள், சான்றுப் பொருள்கள். வழக்கு ஓராண்டு நீடித்தது.

இவ்வழக்கைக் குறித்து அரவிந்தர் பின்னர் வங்க மொழியில் எழுதிய சிறை நினைவுகளில் நார்ட்டன் இடம்பெறும் பகுதி நகைச்சுவை மிக்கது. பழைய வரலாற்றாசிரியர்கள் திரட்டி வைத்ததை எடுத்து ஷேக்ஸ்பியர் நாடகமாக்கினார். காவல்துறை திரட்டி வைத்ததை எடுத்து நார்ட்டன் நாடகமாக்கினார் என்னும் கருத்தில் எழுதுகிறார். அந்நாடகத்தின் தலைவனாகத் தம்மையே அவர் ஆக்கியதாகவும் எள்ளுகிறார். கிடைத்த செய்தியில் வேண்டாததை ஷேக்ஸ்பியர் விட்டுவிடுவார். நார்ட்டனோ எதையும் விடமாட்டார் என்பது அவ்வெள்ளலின் முனை. குற்றம் சாட்டப்பட்டவர் தம்மைக் குற்றஞ்சாட்டியவரின் கலைத்திறனைத் திறனாய்வு செய்வது எங்கும் காணற்கு அரியது.

அவ்வளவு திறமும் இரண்டு இடங்களில் சறுக்கியது. ஒன்று, அப்ரூவராக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியின் வாக்குமூலம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவர் விரிவாகச் சொன்னார். எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்யுமுன்பே, 1908 ஆகஸ்டு 31 அன்று சிறைக்குள் கனைலால் தத்தரும் சத்தியேந்திரநாத் போசும் அவரைச் சுட்டுக் கொன்றனர். குறுக்கு விசாரணைக்கு உட்படாத அச்சொல்லைச் செஷன்ஸ் நீதிமன்றம் சான்றாக ஏற்கவில்லை. மற்றொன்று, பாரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாகக் காட்டப்பட்ட, இனிப்பு வழங்குவதைப் பற்றிய கடிதம். அது வெடிகுண்டைக் குறிக்கும் மறைமொழி என்றார் நார்ட்டன். அக்கடிதமே பொய்யாகப் புனையப்பட்டது என்றார் தாஸ். நீதிபதிக்கு அக்கடிதத்தின் மேல் ஐயம் விழுந்தது. 1909 மே 6 அன்று அரவிந்தர் விடுதலையானார். மறு ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பாரதியோடு அவர் கொண்ட நட்பின் பயனைத் தமிழ் இலக்கியம் அறியும்.

அவ்வழக்கில் ஆயுதம் கண்டெடுக்கப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவரும் பலர். எல்லாமே பொய்வழக்கு என்று கூற இடமில்லை. ஆயினும் ஒருவர்மேல் மெய்ப்பிக்கப்பட்டது மற்றொருவர்மேல் தானாக ஏறாது என்பதை அத்தீர்ப்பு காட்டியது. நார்ட்டன் போன்ற நாவலர் அரசின் பக்கம் நின்றும், வினவப்படாத சொல்லுக்கு எடையில்லை என்னும் விதியைக் கடக்க இயலவில்லை.

எதிராஜ்: இரு தரப்பையும் அறிந்தவர்

தமிழ்நாட்டில் பாரிஸ்டர் என்றதும் முதியோர் நாவில் வரும் பெயர் வி. எல். எதிராஜ். 1890இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் கற்று, டப்ளினில் சட்டம் பயின்று பாரிஸ்டராகித் திரும்பினார். வெள்ளையரே வகித்துவந்த கிரவுன் பிராசிகியூட்டர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவர்.

இப்பதவியின் தன்மையைச் சற்று எண்ணுதல் வேண்டும். அரசு வழக்கறிஞர் தண்டனை வாங்கித் தரும் கருவியல்லர். வழக்கின் உண்மையை, அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாயினும், மன்றத்தின்முன் வைப்பது அவர் கடமை. பல ஆண்டுகள் அக்கடமையில் இருந்தவர் பின்னர் எதிர்த்தரப்பில் நிற்கும்போது, அரசுத் தரப்பு வழக்கு எவ்வாறு கட்டப்படுகிறது, எந்தச் செங்கல் சுமை தாங்கும், எது பூச்சுக்குள் வெறும் மண் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. எதிராஜின் வலிமை இதில் இருந்தது.

அவர் பெயரைத் தமிழகத்துப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசென்றது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சி. என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களை நடத்தியவர். திரையுலகத்தினரின் அந்தரங்கம் என்று கூறிப் பலவற்றை எழுதியவர். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். தமிழ்த் திரையின் உச்சத்தில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சதிக்குற்றத்தில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மக்கள் வெள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகர் சிறைக்குள் இருந்தார்.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. நாயுடுவுக்காக வாதாட பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்தார், அவர் குஜராத்தி இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியர் என்பது இந்த அவைக்கு உவப்பான செய்தி. நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரரில் பெரும்பான்மையோர் கூற, 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. நாடெங்கும் கேட்ட குரல் இரண்டும் அடங்கின.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு கவுன்சில் அதனைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அம்மறு விசாரணையில்தான் எதிராஜ் நடிகர்கள் தரப்பில் நின்று வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பல், சகாபுதீன் ஆகியோர் கேட்டனர்.

அவ்வழக்கின் உயிர்நாடி, சதியில் தாமும் பங்கேற்றதாகக் கூறி அரசுச் சாட்சியாக மாறிய ஒருவரின் சொல். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இத்தகையோர் குறித்து நுண்ணிய நிலையை வகுத்தது. உடந்தையாளரின் சொல் சட்டப்படி செல்லும் என்கிறது ஒரு பிரிவு. முக்கியச் செய்திகளில் வேறு சான்று துணைநிற்காவிடின் அச்சொல் நம்பத்தக்கதன்று எனக் கொள்ளலாம் என்கிறது மற்றொன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் கீழும் இச்சிக்கல் தொடர்கிறது. தன் கழுத்தைத் தப்பவைக்கப் பிறன் கழுத்தைக் காட்டுபவனின் சொல்லுக்கு எவ்வளவு எடை? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நிறுக்க வேண்டும். அங்கே கண்ணீருக்கும் உவமைக்கும் இடமில்லை. ஜூரிகளில்லாத மேல்முறையீட்டு மன்றத்தில், ஆயிரம் பக்கங்களுக்குள் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு முரண்படுகிறது என்று காட்டுவதொன்றே வழி.

1947 ஏப்ரல் 25 அன்று இருவரும் விடுதலையாயினர். நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்கள் முன்பு அவர்களுக்கு அது வாய்த்தது. கலைவாணர் மீண்டும் எழுந்து ‘நல்லதம்பி’ போன்ற படங்களைத் தந்தார். பாகவதரின் பொற்காலமோ திரும்பவில்லை. 1959இல் அவர் மறைந்தார். தீர்ப்பு ஒருவரைச் சிறையிலிருந்து மீட்கும். சிறை தின்ற காலத்தை மீட்டுத் தருவதில்லை. குற்றவியல் வழக்கறிஞரின் வெற்றிக்குள் எப்போதும் இப்படி ஒரு தோல்வி ஒட்டிக்கொண்டிருக்கும். லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்னும் கேள்விக்கும் அத்தீர்ப்பு விடை தரவில்லை. கொலையுண்டவரின் தரப்பில் நின்று பார்ப்போருக்கு அதுவும் ஒரு தோல்வியே.

எதிராஜின் வாழ்வில் கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. மறு ஆண்டே, 1948 ஜூலை 2 அன்று, தம் பொருளைக் கொண்டு பெண்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கினார். முதலாண்டில் 98 மாணவியர் சேர்ந்தனர். 1960இல் அவர் மறைந்தார். கமாண்டர் இன் சீஃப் சாலை என்றிருந்த தெரு இன்று எதிராஜ் சாலை. கொலை வழக்குகளில் ஈட்டிய பொருள் பெண்கல்வியாக மலர்ந்தது. அவர் காத்த உயிர்களை எண்ணுவோர், அவர் திறந்த அறிவின் வாயிலையும் சேர்த்தே எண்ணுதல் தகும்.

பூவிருந்தவல்லி

பாகவதருக்கும் கலைவாணருக்கும் பொருள் இருந்தது, புகழ் இருந்தது, அவர்களுக்காக ஏங்க ஒரு நாடே இருந்தது. இவை எதுவும் இல்லாதவர் கூண்டில் நின்றால் என்ன நேரும்? இவ்வினாவுக்குரிய இடம் பூவிருந்தவல்லி.

1991 மே 21 இரவு, பெங்களூர் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில், முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி மனிதவெடிகுண்டால் கொல்லப்பட்டார். பணியில் இருந்த காவலர்கள் உட்பட வேறு பலரும் அங்கேயே மாண்டனர். அக்கொடுமையின் வடு ஆறாதது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புக் குழுவிடம் சென்றது. குற்றப்பத்திரிகையில் 41 பேர். அவருள் 12 பேர் இறந்துவிட்டனர், மூவர் அகப்படவில்லை. எஞ்சிய 26 பேரின் விசாரணை பூவிருந்தவல்லித் தடா நீதிமன்றத்தில், பெரும் பாதுகாப்புக்கு நடுவே, மூடிய மன்றமாக நடந்தது. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள்.

தடாச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. பொதுச் சட்டத்தின்படி காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது; காவல்நிலையத்துச் சுவர்களுக்குள் பிறக்கும் சொல்லின் தன்மையை 1872இலேயே ஆங்கில அரசு அறிந்திருந்தது. தடாவின் 15ஆம் பிரிவு இத்தடையை நீக்கியது. கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள காவல் அதிகாரி பதிவுசெய்த ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாம் என்றது. மேல்முறையீடும் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே. இடையில் உயர் நீதிமன்றம் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1995இல், அச்சட்டம் காலாவதியானது. முன்பே தொடங்கிய வழக்குகள் அதன்கீழ்த் தொடர்ந்தன.

இத்தகைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்க்காக நிற்பது எளிதன்று. நாடு சினத்திலும் துயரிலும் இருந்தது. அச்சூழலில் எஸ். துரைசாமி முதலிய வழக்கறிஞர்கள் அம்மன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் சென்று வந்தனர். மூடிய மன்றமாதலால் அவர்கள் கேட்ட கேள்விகள் மறுநாள் நாளிதழில் வரவில்லை. கைதட்ட அங்கே எவரும் இல்லை.

1998 சனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்பு வழங்கினார். 26 பேருக்கும் மரண தண்டனை. ஒருவர்கூட விலக்கில்லை.

பழ. நெடுமாறன் தலைமையில் அமைந்த குழு நிதி திரட்டியது. சென்னையின் மூத்த குற்றவியல் வழக்கறிஞர் என். நடராசன் உச்ச நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவருள் பெரும்பாலோர்க்காக வாதாடினார். அரசுத் தரப்பில் அல்தாப் அகமது. நீதிபதிகள் கே. டி. தாமஸ், வாத்வா, காத்ரி ஆகியோர். 1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. இச்செயல் தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றத்தின் வரையறைக்குள் வரவில்லை என்று அச்சட்டத்தின்கீழ் விதித்த தண்டனைகள் நீக்கப்பட்டன. கொலைச் சதியில் 19 பேருக்குப் பங்கில்லை என்று அவர்கள் வெளியேற வழி பிறந்தது. நால்வருக்கு மரண தண்டனை உறுதியானது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

26 தூக்குக் கயிறுகள். அவற்றுள் 22 அவிழ்ந்தன. இக்கணக்கை இவ்வட்டாரத்தார் மறத்தல் ஆகாது. மேல்முறையீட்டில் ஒருவர் எழுந்து நின்று ஒவ்வொருவர் மேலுள்ள சான்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணினால், மூத்த குற்றவியல் வழக்கறிஞர் என்பவர் யாரென்று விளங்கும்.

எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம்

அவ்வழக்கின் ஒரு நிகழ்ச்சி சொல்லாளர் எவரையும் உறங்கவிடாது. தூக்கு உறுதிசெய்யப்பட்ட நால்வருள் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்டதில் முக்கியமானது. அதற்கு வலுவான சான்று அவருடைய ஒப்புதல் வாக்குமூலம். அதனைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராசன், பணி ஓய்வுக்குப் பின் 2013இல் ஒரு செய்தியை வெளியிட்டார். அம்மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் சொன்னார்.

ஒரு வாக்கியம். வாங்கினேன் என்பது எழுதப்பட்டது. எதற்கென்று அறியேன் என்பது எழுதப்படவில்லை. முன்னது செயல், பின்னது மனம். குற்றவியல் சட்டம் செயலையும் மனத்தையும் சேர்த்தே குற்றம் என்கிறது. எழுதப்பட்டது பொய்யன்று; ஆனால் விடுபட்டதால் மெய்யும் அன்று. ஒரு சீர் குறைந்தால் வெண்பா தளைதட்டும் என்று கவிஞர் அறிவர். இங்கே ஒரு வாக்கியம் குறைந்ததன் விலை எவ்வளவு என்பதைக் காலம் காட்டியது. கருணை மனுக்களின் மீதான காலத்தாழ்வைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது; அதே ஆண்டு நவம்பரில் எஞ்சிய அறுவரும் விடுவிக்கப்பட்டனர். இவ்விடுதலைகள் குற்றமற்றவர் என்னும் தீர்ப்பால் வந்தவையல்ல என்பதையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். எனினும், அந்த ஒரு வாக்கியம் தொடக்கத்திலேயே ஏட்டில் இருந்திருப்பின் வழக்கறிஞர் கையில் என்னென்ன கேள்விகள் பிறந்திருக்கும்!

குறுக்கு விசாரணை எழுதப்பட்ட சொல்லைச் சோதிக்கும். எழுதப்படாமல் விடப்பட்ட சொல்லை எட்ட, அது மிகவும் உழைக்க வேண்டும். காவலரிடம் கொடுக்கும் ஒப்புதலைச் சான்றாக்கும் சட்டங்கள் ஏன் ஆபத்தானவை என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டா.

குற்றவாளிக்காக நிற்கலாமா?

இத்தொழிலின் மேல் எக்காலத்தும் வீசப்படும் கேள்வி இது. கொடுங்குற்றம் செய்தவனுக்காக வாதாடுவது அறமா?

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து எழுதிய தாமஸ் பெயினுக்காக 1792இல் இங்கிலாந்தில் வாதாடினார் தாமஸ் எர்ஸ்கின். வழக்கிலும் தோற்றார், இளவரசரிடம் வகித்த பதவியையும் இழந்தார். அவர் கொள்கை இதுதான்: வாதாட மறுக்கும் வழக்கறிஞர், தீர்ப்புக்கு முன்பே நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்ந்தவராகிறார். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளும், குற்றம் பற்றித் தமக்குள்ள தனிக்கருத்தைப் பாராது வழக்கறிஞர் ஒருவரைக் காக்க வேண்டும் என்கின்றன. கோவையில் வழக்கறிஞர்க்கும் காவலர்க்கும் மோதல் மூண்டபோது, அக்காவலர்களுக்காக யாரும் நிற்பதில்லை என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் இயற்றியது. அவ்வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் தொழிலறத்துக்கும் முரணானவை, செல்லாதவை என்று கூறியது. இன்று காவலர் கூண்டில் நிற்கலாம். நாளை கவிஞர் நிற்கலாம். விதி இருவருக்கும் ஒன்று.

கவிஞர் நிற்கலாம் என்பது மிகையன்று. ஒட்டப்பிடாரத்தில் எளியோரின் குற்ற வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனார். அவரே 1908இல் குற்றக்கூண்டில் நின்றார். நீதிபதி பின்ஹே நாற்பதாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிற்று. பல்லாண்டுகள் கழித்து அதனை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த அதே கைதான் எளியோரின் வக்காலத்தில் கையெழுத்திட்டது. செல்வரான பாரிஸ்டர்களோடு இவ்வரிசையும் இத்தொழிலுக்கு உண்டு. மாவட்ட மன்றங்களின் புளியமரத்து நிழலில் கட்சிக்காரரோடு நின்று குறிப்பெடுக்கும் பெயரறியா வழக்கறிஞர் பலரும் அவ்வரிசையினரே.

குற்றம் செய்தவன் தப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். தப்பக் கூடாது, அதற்கான வழி, சான்றை ஒழுங்காகத் திரட்டுவதே. காப்பாளரை ஒழிப்பது வழியன்று. வலுவான எதிர்ப்புக்கு நின்று காட்டிய தண்டனையைத்தான் பாதிக்கப்பட்டோரும் ஐயமின்றி நம்ப முடியும். எதிர்ப்பாரற்று வந்த தண்டனை நெடுஞ்செழியனின் ஆணையைப் போன்றது. சிலம்பு உடையும்வரைதான் அது நிற்கும்.

கவிஞர் பெருமக்களே, திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே கற்றவரே நல்ல குற்றவியல் வழக்கறிஞர். அலிப்பூரில் வினவப்படாத வாக்குமூலம் விழுந்தது. சென்னையில் அப்ரூவரின் சொல்லை நம்பி விதித்த தண்டனை நிலைக்கவில்லை. பூவிருந்தவல்லியில் தொடங்கி ஏட்டில் ஏறாத ஒரு வாக்கியம் முப்பதாண்டு நிழலாய்த் தொடர்ந்தது. மூன்றும் ஒன்றையே கூறுகின்றன. சொன்னது யார், எவ்விடத்தில், எவர் அஞ்சுமாறு, எதை விட்டுவிட்டு என்று கேட்காமல் எச்சொல்லையும் ஏற்றலாகாது. மேடையில் நின்று ஒருவரைக் கொடியவர் என்று பாடுமுன் கவிஞரும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்வராயின், பத்தாண்டு கடந்த இம்மன்றத்தின் சொல்லுக்கு ஊரில் மேலும் எடை கூடும்.